ஈறும் சர்க்கரையும்: வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்

நீரிழிவு உள்ளவர்கள் பல், ஈறு, வாய் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வருடக்கணக்காக மருந்து எடுக்கிறவர்கள் இவர்கள். கண்ணுக்குப் பரிசோதனை நடந்திருக்கிறது, பாதத்துக்கு நடந்திருக்கிறது, சிறுநீரகத்துக்கு நடந்திருக்கிறது. வாயைத் திறந்து காட்டச் சொன்னவர் மட்டும் ஒருவரும் இல்லை. ஈறு சிகிச்சைதான் என் தொழில் என்பதால் பதில்கள் பெரும்பாலும் ஈறைச் சுற்றியே வரும்.

எனக்கு வயது 54. ஒன்பது வருடமாக சுகர். பல் தேய்க்கும்போது கீழ்க் கடைவாயில் ரத்தம் வருகிறது. வலி துளியும் இல்லை. அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். இதற்கெல்லாம் டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும் ஐயா. இந்த வாரமே போங்கள். இன்றைக்கு ராத்திரியிலிருந்தே அந்த இடத்திலும் பிரஷ் படட்டும்.

ரத்தம் வருகிற இடத்தை ஒதுக்கிவிட்டுத் தேய்ப்பது கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற காரியம். புண்ணைத் தொடக்கூடாது என்கிற பயம்தான் காரணம். ஆனால் ஒதுக்கிய இடத்தில் கிருமிப் படலம் தடித்துக்கொண்டே போகும், ஈறு இன்னும் வீங்கும், ரத்தம் இன்னும் சுலபமாக வரும். பிரஷ் பட்டதால் ரத்தம் வருவதில்லை. ஈறு ஏற்கெனவே அழற்சியில் இருப்பதால்தான் பிரஷ் பட்டவுடன் வருகிறது.

1965-இல் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஈறு நன்றாக இருந்த சிலரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலச் சரியானது. அந்த லோதான் 1993-இல், கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய்கள், ஆறாத புண் ஆகிய ஐந்தோடு ஈறு நோயையும் சேர்த்து, நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். அவர் எழுதியதற்கு முக்கியமான ஆதாரம் அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா நதிப் பகுதியில் வாழும் பீமா பழங்குடியினரிடம் நடந்த நீண்டகால ஆய்வுகள். அவர்களில் இரண்டாம் வகை நீரிழிவு மிக அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதும், பல் கொட்டிப்போவதும் மற்றவர்களைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தன.

ரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் கூடுதலாக இருந்தால், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. உடம்பின் புரதங்களில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டு உண்டாகும் பொருள்கள் அழற்சியை அடங்கவிடாமல் கிளறிக்கொண்டே இருக்கின்றன. ஈறையும் பல்லையும் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நார்கள் சிதைவது கூடுகிறது, புதிதாக உண்டாவது குறைகிறது. அதனால் மற்றவர்களுக்கு வெறும் ஈறு வீக்கமாகப் பல காலம் நின்றுவிடக்கூடிய ஒன்று, உங்களுக்கு எலும்புவரை இறங்கிவிடலாம். இது பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் என் கவலை. பல் ஆட ஆரம்பிக்கிற கட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள்.

டாக்டர் என்ன செய்வார் என்றும் சொல்லிவிடுகிறேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஆறு இடங்களில் மெதுவாக இறக்கி அளப்பார். உதவியாளர் எழுதிக்கொள்வதற்காக ‘ரெண்டு, மூணு, ரெண்டு, அஞ்சு, ஆறு, நாலு’ என்று சொல்லிக்கொண்டே போவார். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மூன்று வரைக்கும் சரி. நாலும் அதற்கு மேலும் என்றால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழுந்திருக்கிறது. அஞ்சு, ஆறு என்று கேட்டால் அந்தப் பையின் அடியை உங்கள் பிரஷ் எட்டவே எட்டாது. என்னிடம் வருகிறவர்கள் கையில் நான் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுவேன். கம்பியை எடுத்த சில நொடியில் ஈறு ஓரத்தில் சின்ன ரத்தமுத்து ஒன்று திரண்டு நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தபிறகு ‘வலி இல்லையே டாக்டர்’ என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது: மிருதுவான பிரஷ். தூரிகையின் முனை ஈறும் பல்லும் சேருமிடத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். அழுத்தம் வேண்டாம், சின்னச் சின்ன அசைவு போதும். காலையிலும் படுக்கப்போகும் முன்பும் இரண்டிரண்டு நிமிடம். ஆனால் பிரஷ் போகாத இடம் பல்லிடுக்கு, ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். அதற்கென்று சின்னக் கம்பியில் தூரிகை சுற்றிய பல்லிடுக்கு பிரஷ் பல அளவுகளில் கிடைக்கிறது. உங்கள் இடுக்குக்கு எந்த அளவு என்று டாக்டரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திணிக்காமல் நுழைய வேண்டும், ஆனால் லூசாகவும் இருக்கக்கூடாது. முதல் நாள் கடைவாய்ப் பல்லிடுக்கில் விட்டு எடுத்ததும் அதை முகர்ந்து பாருங்கள். நான் சொல்லி நம்பாதவர்கள்கூட அந்த வாடையை நம்பிவிடுகிறார்கள். முதல் சில நாட்கள் ரத்தம் கூடுதலாகவே வரும், பயப்படாமல் தொடருங்கள். இரண்டு வாரமாகியும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் உள்ளே காரையோ (கல்போல இறுகிவிட்ட கிருமிப் படலம்) ஆழமான பையோ இருக்கிறது என்று பொருள். அது வீட்டில் தீராது.

என் மனைவிக்கு கிளீனிங் செய்தார்கள். அதற்குப் பிறகு பல் கூசுகிறது, பல்லுக்கு நடுவே சந்து தெரிகிறது, ஒரு பல் ஆடவும் செய்கிறது. எனக்கும் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு சுகர் வேறு இருக்கிறது. இருக்கிற பல்லும் போய்விடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே எனக்குக் கிடையாது. ஆகவே நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் மனைவி சொல்வது அத்தனையும் உண்மை. கூசும், சந்து தெரியும், ஒரு பல் ஆடுவது போலவும் இருக்கும். ஆனால் காரணம் கிளீனிங் அல்ல. காரைக்கு அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்து ஈறு இறங்கியிருந்தது. சரிந்துகொண்டிருக்கும் சுவருக்குக் குப்பையைக் குவித்து முட்டுக் கொடுத்ததுபோல, அந்தக் காரைதான் பல்லைப் பிடித்து வைத்திருந்தது. குப்பையை அள்ளியதும் சுவரின் உண்மையான நிலை தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றியதும் வேரின் மேற்பகுதி வெளியே வருகிறது, அதனால்தான் கூச்சம். அது நாளாக ஆகக் குறையும். கூச்சத்துக்கான பேஸ்ட்டும் உதவும். லேசாக ஆடும் பல் பல சமயம் வீக்கம் வடிந்தபின் இறுகிவிடுகிறது. எல்லாப் பல்லும் அப்படி இறுகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியமானது இது. பையின் அடிவரை போய் வேரைச் சுத்தம் செய்வதால் சர்க்கரையே கொஞ்சம் இறங்குகிறது. 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2022-ஆம் ஆண்டு தொகுப்பின்படி, சிகிச்சை முடிந்த மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி இறங்கியிருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த ஒரே ஓர் ஆய்வில் 0.5. உதாரணத்துக்கு 8.2 இருந்தவருக்கு 7.8 ஆகலாம். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் இதை அலட்சியம் செய்ய மாட்டார். காரணமும் எளிது. ஈறில் ஓயாமல் நடக்கும் அழற்சியிலிருந்து கிளம்பும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரையைக் கூட்டுகிறது. இதற்காக மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது.

சுகர் இருப்பதால் கிளீனிங் கூடாது என்பதில்லை. சுகர் இருப்பதாலேயே அது மற்றவர்களைவிட உங்களுக்கு அவசரம். போகும்போது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுபோங்கள். ஈறு நோய் எவ்வளவு வேகமாகப் போகக்கூடும் என்று கணிப்பதற்கு 2018-இல் வெளியான வகைப்பாட்டில் ஹெச்பிஏ1சி-யும் ஒரு கணக்கு. ஏழும் அதற்கு மேலும் என்றால் வேகமான பிரிவு. அந்தத் தாளைப் பார்க்காமல் உங்களை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது என்று முடிவு செய்ய எனக்கு வழியில்லை.

இருபது வருடமாக சிகரெட், ஆறு வருடமாக சுகர். ஈறில் ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை. என் ஈறு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது தம்பி. புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு அடங்கிவிடும், நோய் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். சுகரும் சிகரெட்டும் சேர்ந்தவர்களின் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வெளியே ஈறு வெளிறி, இறுகி, அழகாக இருக்கும், எலும்பு பாதி போயிருக்கும். கட்டாயம் அளந்து பாருங்கள். சிகரெட்டை விட்டபின் சில வாரங்களில் ரத்தம் வர ஆரம்பித்தால், விட்டதால் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி பற்றவைக்காதீர்கள். மறைந்திருந்தது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ராத்திரி இரண்டு மூன்று முறை நாக்கு வறண்டு விழித்துக்கொள்கிறேன். புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் ஈரம் வருகிறது. சுகரும் பிரஷரும் இருக்கின்றன. நாக்கும் எரிகிறது. இதற்கு என்ன செய்வது? (62 வயது வாசகி)

அம்மா, முதலில் அந்த மிட்டாயை நிறுத்துங்கள். நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. பல்லில் படும் அமிலத்தைக் கழுவிவிடுவதும், பல்லுக்குத் தாதுச் சத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். தூக்கத்தில் இயல்பாகவே அது குறைந்துவிடும். ஏற்கெனவே வறண்ட வாயில், நடுராத்திரியில், சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து ஊறினால் பல்லின் கழுத்துப் பகுதியில் வரிசையாகச் சொத்தை விழும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற வயதில் அது வெகு சீக்கிரம் பரவும். சர்க்கரை இல்லாத மிட்டாய்தானே என்றாலும் புளிப்பு இருந்தால் வேண்டாம்.

வறட்சிக்கு வருவோம். ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்கி, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ராத்திரி விழிக்கும்போது சிறுநீரும் கழிக்கப் போகிறீர்களா என்று கவனியுங்கள். அப்படியானால் உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்பதே பெரும்பாலும் விடை. அடுத்தது மருந்துகள். நீர் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை பலவும் வாயை உலர்த்தும். நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டி, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பிரஷருக்கு அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளர்ந்து பல்லை மூடுவதும் உண்டு. அப்படித் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

நாக்கு எரிச்சலுக்கு இரண்டைச் சோதிக்க வேண்டும். ஒன்று பூஞ்சைத் தொற்று. சர்க்கரையும் வறட்சியும் சேர்ந்த வாய் அதற்குத் தோதான இடம். இன்னொன்று வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களில் சிலருக்கு அது குறைந்துவிடும், நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அதுவரை தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடியுங்கள். பகலில் சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மெல்லலாம், உமிழ்நீர் சுரப்பு கூடும். ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவி வேண்டாம், இன்னும் உலர்த்தும். ராத்திரி ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் தேய்த்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். அந்த மிச்சம் பல்லிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவுக்கு 76 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை சரியாக வராது. பல் செட்டைக் கழற்றவே விடமாட்டார், போட்டபடியே தூங்குவார். மேல் அண்ணம் சிவந்திருக்கிறது, வாய் ஓரம் வெடித்திருக்கிறது. சுகருக்கு இன்சுலின் போடுகிறோம். சாப்பாடு பாதியிலேயே போதும் என்கிறார்.

நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் அவசரம். இன்சுலின் போட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டோடு எழுந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வாய் வலியால் சாப்பிட முடியவில்லை என்பதை இன்றே அவருடைய டாக்டருக்குத் தெரிவியுங்கள். இன்சுலின் அளவு, சாப்பாட்டின் பதம் இரண்டையும் அவர் பார்க்க வேண்டும்.

செட்டுக்கு அடியில் அண்ணம் சிவப்பது, வாய் ஓரம் வெடிப்பது இரண்டும் பெரும்பாலும் பூஞ்சையால் வருபவை. மருந்து எழுதித் தருவார்கள். ஆனால் செட்டிலேயே பூஞ்சை ஒட்டியிருப்பதால், வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மறுபடி வரும். ராத்திரி செட் வெளியே இருந்தாக வேண்டும். கழற்ற மறுப்பதற்குக் கூச்சம்தான் பலருக்குக் காரணம். பல் இல்லாத முகத்தைப் பிள்ளைகள் பார்ப்பதா என்று. விளக்கை அணைத்தபிறகு கழற்றி உங்கள் கையில் தரச் சொல்லிப் பாருங்கள். என் நோயாளிகளில் பலர் அதற்குச் சம்மதித்திருக்கிறார்கள்.

செட்டைச் சாதாரண சோப்பு நீரும் பிரஷும் கொண்டு எல்லாப் பக்கமும் தேய்த்து, நன்றாக அலசி, சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். பேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள நுண்துகள்கள் கீறல் போடும், கீறலில் பூஞ்சை தங்கும். வெந்நீரும் வேண்டாம், செட் கோணிவிடும். தேய்க்கும்போது கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், கை நழுவி விழுந்தால் இரண்டாகிவிடும். அப்பாவின் ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றித் துடைத்துவிடுங்கள். இடது கையால் அவரே செய்ய முடிகிற வேலையை அவரிடமே விடுங்கள். பிரஷின் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி கிடைக்கும்.

என் மகளுக்கு 9 வயது, முதல் வகை நீரிழிவு. ராத்திரி சர்க்கரை தாழ்ந்தால் இனிப்பான பானம் கொடுக்கிறோம். பல் தேய்த்தபிறகு கொடுப்பதால் சொத்தை வருமோ என்று பயமாக இருக்கிறது.

சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது பல்லைப் பற்றி யோசிக்கவே கூடாதம்மா. டாக்டர் சொன்ன அளவு இனிப்பை உடனே கொடுங்கள், சொன்ன நேரத்தில் மறுபடி சோதித்துப் பாருங்கள். அளவு ஏறி, குழந்தை நன்றாக விழித்திருந்தால், இரண்டு வாய் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அது போதும். தூக்கத்தைக் கெடுத்து பிரஷ் போட வேண்டாம். வாரத்தில் பல ராத்திரி தாழ்கிறது என்றால் அது பல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயமல்ல, இன்சுலின் அளவையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

சொத்தையோடு ஈறையும் பாருங்கள். நியூயார்க்கில் 6 முதல் 18 வயது வரையான நீரிழிவுப் பிள்ளைகளிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு இல்லாத பிள்ளைகளைவிட அவர்களுக்கு ஈறு பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒன்பது வயதில் பிள்ளைகள் பல் தேய்ப்பார்கள்தான், ஆனால் கடைவாயை விட்டுவிடுவார்கள். ராத்திரி ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருக்கிறது. சர்க்கரை குறைந்தபிறகுதான் பிடுங்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன்.

சீழை வைத்துக்கொண்டு சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருந்தால் இறங்காது. தொற்றே சர்க்கரையை ஏற்றும். இன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் சீழை வெளியேற்றி, தேவையான மருந்து கொடுத்து, உங்கள் டாக்டரோடு பேசிவிட்டுப் பிடுங்கும் நாளைக் குறிப்பார். அதை அவர் முடிவு செய்யட்டும்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுப் பிடுங்குவதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லை, கூடவும் கூடாது. காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்து, குளுக்கோமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். நாற்காலியில் இருக்கும்போது கை நடுங்கினாலோ வியர்த்தாலோ உடனே சொல்லிவிடுங்கள், பயத்தால் என்று நினைத்து அடக்கிக்கொள்ள வேண்டாம். பிடுங்கியபின் சில மணி நேரம் மெல்ல முடியாது என்பதால், அடுத்த வேளை இன்சுலினை எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்து வராமல் காப்பது அது. பிடுங்கிய இடத்தில் கசியும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். சிறுநீரகம் பாதித்திருந்தால் சொல்லுங்கள், வலி மாத்திரைகளில் சில உங்களுக்கு ஆகாது. எலும்புத் தேய்வுக்கு ஊசி போட்டிருந்தால் அதையும் பிடுங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

முதல் நாள் கொப்பளிக்கவோ உறிஞ்சிக் குடிக்கவோ வேண்டாம், ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் திரும்பிப் போங்கள். காய்ச்சலோடு தாடைக்கு அடியில் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், இவற்றில் ஒன்று வந்தாலும், பிடுங்குவதற்கு முன்போ பின்போ, விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சர்க்கரை இருப்பதையும், கடைசியாக எப்போது இன்சுலின் போட்டீர்கள் என்பதையும் உள்ளே நுழைந்தவுடனே சொல்லுங்கள்.